மூடிக்காரர் தங்கைக்குக் கொடுத்த டப்பாக்கள்

தங்கையிடம் மூடிக்காரர் பட்ட கடன் ஐம்பதாயிரம். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, வாய் திறந்து கேட்டதும் கொடுத்த பணம். அச்சகத்தில் தாள் மடித்து, புத்தகம் தைத்து, விரலெல்லாம் ஊசிக்குத்து வாங்கி அவள் சேர்த்த காசு. அதைக் கடைக்கு அட்வான்ஸாகக் கட்டித்தான் அவர் நடைபாதையை விட்டு ஒரு கூரைக்குக் கீழே வந்தார்.

அதற்கு முன் அவர் என்ன விற்றார் தெரியுமா? மூடி. டப்பா கிடையாது, வெறும் மூடி. ஒரு சாக்கு நிறைய ஒற்றை மூடிகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூடி தொலையாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? கொண்டுவரும் டப்பாவின் வாயைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவார், சாக்குக்குள் கையை விடுவார், எடுக்கிற மூடி டக்கென்று உட்காரும். ஸ்கேல் வைத்து அளந்தாலும் வராத கணக்கு அது. கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாத மனிதர் மூன்று ஷட்டர் கடை போட்டார் என்றால் சும்மாவா? அந்தக் கடைவீதியில் இன்னொருவன் பிறந்து வரட்டும், பார்க்கலாம்.

"டப்பாவுக்கு அழகு மூடிதான். காத்து புகுந்துட்டா அது டப்பா இல்ல, ஜன்னல்" என்பது அவர் வாக்கு.

கடனை அடைக்க வழியில்லாமல் இல்லை. கையில் பணம் சேரும், சேர்ந்த கையோடு சரக்காக மாறிவிடும். "அவ கேக்கட்டும், அந்த நிமிஷமே தூக்கி வைக்கிறேன்" என்பார்.

"கேக்க மாட்டான்னு தெரிஞ்சவகிட்டதானே இந்த வீரமெல்லாம்" என்பாள் மனைவி, கல்லாவுக்குப் பின்னால் இருந்து.

தங்கை கேட்கத்தான் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, அச்சகமும் மூடியாயிற்று. ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். அச்சகத்தில் மிஞ்சிய காகிதங்களை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள்: பளபளக்கும் ஜரிகைத் தாள், வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாள், பழைய நாட்காட்டிப் படம், பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள். அவற்றைக் கிழித்தும் வெட்டியும் ஒட்டி யானை செய்வாள், மழைக்காடு செய்வாள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று சுவர் முழுக்க மாட்டப் படங்கள் கேட்டு, முன்பணமும் கொடுத்திருந்தது.

அந்த வேலை நடக்கும்போதுதான் அவள் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, காகிதம் வைக்க எதாச்சும் குடேன். தட்டையான அட்டைப் பெட்டி போதும். மேல திறந்திருந்தாகூடப் பரவால்ல."

"அட்டைப் பெட்டியா! என் தங்கச்சி அட்டைப் பெட்டி தூக்கிட்டுப் போனா நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்?"

"ஊர் பாக்கறதுக்கு இல்ல அண்ணே. ஒட்டின தாளு கொஞ்சம் மூச்சு விடணும்."

"தாளு மூச்சு விடுதாம், கேட்டியாடி?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "உன் ரூம்ல எத்தனை இடத்துல ஒழுகுது? மழை வந்தா உன் யானை நீச்சல் அடிக்கும். பேசாம இதைக் கொண்டு போ."

எடுத்து வைத்தார் கடையிலேயே உசத்தியான டப்பாக்களை. நாலு பக்கமும் கிளிப், மூடிக்குள் ரப்பர் வளையம், கண்ணாடி மாதிரி உடம்பு. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியே காட்டினார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"இவ்வளவு விலையில எனக்கு எதுக்கு அண்ணே?"

"காசா கேட்டேன்? அந்தக் கடன்ல பத்தாயிரம் கழிச்சுக்க."

மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தப் படம் போய்ச் சேர்ந்தா பாக்கி வாடகையைக் கட்டிடுவேன். இல்லேன்னா மகன் வீட்டுக்குத்தான் போகணும். அங்க எனக்குக் கட்டில் இருக்கு. காகிதத்துக்கு இடம் கிடையாது."

"நான் இருக்கறப்ப உனக்கு என்ன?" என்றார்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அன்றைக்கே அவள் அறைக்குப் போய்த் தன் கையாலேயே அடுக்கிக் கொடுத்தார். ஜரிகைத் தாள் ஒரு டப்பா, மெல்லிய தாள் ஒரு டப்பா, வெட்டிய இலைகள் ஒன்றில், ஒட்டி முடித்த படங்கள் பெரியவற்றில். கூரையில் இடி உருண்டுகொண்டிருந்தது.

"இந்த யானை இன்னும் காயல அண்ணே. பசை ஈரம்."

"வெளிய வெச்சாத்தான் நனையும்" என்று யானையையும் உள்ளே வைத்துக் கிளிப்பை அமுக்கினார். ஒவ்வொரு மூடியையும் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

மழை விடாமல் பெய்தது. கூரை ஒழுகிற்று, படுக்கை நனைந்தது. டப்பாக்களுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்த மட்டும் அவர் சொன்னது சொன்னபடி.

மழை விட்டதும் தங்கை ஆள் அனுப்பினாள். போனார். டப்பாக்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. வெளித் தண்ணீர் உள்ளே வராததுபோல, உள்ளிருந்த பசை ஈரமும் வெளியே போகவில்லை. மூடியின் அடியில் வேர்வையாய்க் கோத்து, சொட்டிச் சொட்டி, மறுபடி தாளிலேயே இறங்கியிருந்தது. யானையின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் ரோமம்போல் முளைத்திருந்தது. யானையோடு அடுக்கிய மழைக்காட்டில் ஜரிகைத் தாள் சாயம் விட்டு இலைகளோடு ஒட்டிப்போயிருந்தது. பிரிக்கப் போனால் கையோடு வந்தது.

"மூடி சரியாத்தானே..." என்று ஆரம்பித்தார்.

"மூடி ரொம்ப சரி அண்ணே" என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருக்கவில்லை. அச்சடித்த படங்களை வாங்கி மாட்டிவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தங்கை தன்னிடமிருந்த தையல் இயந்திரத்தை விற்றுக் கொடுத்தாள். அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியும்விட்டாள். அண்ணனிடம் அப்போதும் கேட்கவில்லை.

விஷயம் மனைவி வாயால்தான் மூடிக்காரருக்குத் தெரிந்தது. வந்திருந்த சரக்கு லாரியை இறக்காமலே திருப்பி அனுப்பினார். சரக்குக்கு வைத்திருந்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மாடிப்படியில் புதுக் குடித்தனக்காரர்களின் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. தங்கை கீழே ஒரு பையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் அந்த டப்பாக்கள், கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

"வீட்டுக்காரன்கிட்ட நான் பேசறேம்மா."

"சாவி கை மாறிடுச்சு அண்ணே. ரயிலுக்கு நேரமாச்சு."

அவள் கையைப் பிடித்து விரித்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். ஐம்பதாயிரம், ஒரு ரூபாய் குறையாமல். அவள் கை ரேகைகளில் காய்ந்த பசை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"டப்பா விலை பத்தாயிரம் கழிக்கலியே?"

"அதை விடும்மா. டப்பாவை நானே எடுத்துக்கறேன்."

"வித்த சரக்கைத் திரும்ப வாங்கமாட்டேன்னு கடையில எழுதித் தொங்க விட்டிருக்கியே. டப்பா மகன் வீட்டுக்கு வரட்டும். மருமகளுக்கு அரிசி, பருப்பு கொட்டி வைக்க ஆகும்."

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. எத்தனையோ ஆயிரம் மூடிகளைத் தடவிய அந்தக் கையை விரித்து, அவர் தந்ததில் மேலிருந்த நோட்டுகளை எடுத்து, வாய்விட்டு எண்ணி, பத்தாயிரத்தையும் அதில் வைத்தாள்.