சாந்தாமணியின் கால்விரல்

என் மனைவியின் காதை நான் திருடினேன். திருடியதோடு நிற்கவில்லை. அவளுக்குக் காதே கிடையாது என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் யாரோ, நான் யாரோ... முகம் தெரியாதவரிடம்தான் சில விஷயங்களைச் சொல்ல வாய் வருகிறது. படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். வாலிப வயதெல்லாம் தறி மெஷின்களுக்கு நடுவே கழிந்தது. ஓடுகிற தறிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சூப்பர்வைசர் தொண்டை வற்றக் கத்துவார். சுற்றிலும் பஞ்சு! கையை நீட்டினால் எட்டுகிற பஞ்சு! வைத்தேனா? ஆம்பிளைக்கு எதற்குப் பஞ்சு என்கிற திமிர் எனக்கு.

பிறகு வியட்நாமில், சைகோனை ஒட்டிய பின் யுவோங்கில் ஒரு நெசவாலைக்கு மெஷின் பராமரிக்க ஆள் எடுத்தார்கள். நானும் சாந்தாமணியும் சைகோனுக்கு வந்து சேர்ந்தோம். காகிதத்தில்தான் ஹோ சி மின் நகரம். வாயில் எல்லோருக்கும் இன்னும் சைகோன். சந்துக்குள்ளே ஒரு மாடி வீடு பிடித்தோம். விடிந்ததும் நான் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். அவள் சந்தைக்குப் போய்ப் போயே, என்னைவிட நன்றாக இந்த ஊர் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டாள்.

ஆலையில் ஒரு நாள் உடல் பரிசோதனை. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அந்த நர்ஸ் பெண் வேறு ஹெட்போன் கொண்டுவந்து மாட்டினாள். அதிலும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்... டாக்டர் பொறுமையாக விளக்கினார். பேச்சு கேட்கும், மத்தளம் கேட்கும். மேலே மேலே போகிற மெல்லிய சத்தங்கள், குருவி, கொலுசு, வயலினின் உச்சி, அதெல்லாம் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் டைல்ஸ் தரையில் நடந்து போவதைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், அவள் மெட்டி தரையில் படுகிற சத்தத்தை வைத்தே எந்த அறையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். இப்போது கால் போகிறது, சத்தம் வரவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி துவான் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பழைய ரேடியோக்களுக்குள் கண்ணாடிக் குப்பி ஒன்று மெல்லச் சிவந்து எரியுமே, அந்த வால்வுகளை விற்பவர் அவர். பத்தாம் மாவட்டத்துப் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் சின்னக் கடை. அமெரிக்க ராணுவம் விட்டுவிட்டுப் போன ரேடியோக்களிலிருந்து பிடுங்கியவற்றைச் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி அடுக்கியிருப்பார். எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறி, பழைய பாட்டுகளுக்குத் தடை வந்தபோது, வீட்டில் இருந்த இசைத்தட்டுகளை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்த குடும்பம் அவருடையது. அந்தத் தட்டுகள் அவற்றின் முழு அழகோடு பாடுகிற மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்துவிட வேண்டும்... மனிதருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஆலை மெஷினுக்கு ஒரு ரிலே சுவிட்ச் வாங்கத்தான் அவர் கடைக்குப் போனேன். அவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். மயிர்போன்ற கம்பி, அறுந்து அறுந்து போகிறது. நூல் அறுந்தால் எங்கே இழுவை அதிகம் என்று தேடிப் பழகிய கை என்னுடையது. வாங்கி, அடுக்கடுக்காகச் சுற்றிக் கொடுத்தேன். என்னை அன்றைக்கே ‘எம்’ என்று கூப்பிட்டார். தம்பி என்று அர்த்தம். ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒருவர் தம்பி என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

எங்கள் வீட்டு ஹால் பெரியது, தெரு இரைச்சல் எட்டாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூட்டம் எங்கள் வீட்டில்தான். துவான் அண்ணன், ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். சால்டரிங் புகையும் ஐஸ் காபியுமாக வீடு மணக்கும். சாந்தாமணி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து வள்ளைக்கீரை ஆய்வாள்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஒரே எண் அச்சடித்த வால்வுகள்கூட ஒன்று போலப் பாடாது. ஜோடி ஜோடியாக மாற்றி மாட்டி, அதே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எது உயிரோடு பாடுகிறது என்று பொறுக்க வேண்டும். மற்றதையெல்லாம் மீட்டர் வைத்து அளக்கலாம். இதற்கு மட்டும் காதுதான்.

முதல் ஆம்ப்ளிஃபையர் தயாரானது. துவான் அண்ணன் ஒரு ஜோடியை மாட்டினார், பெண் ஒருத்தி பாடிய பழைய தட்டைப் போட்டார். பிறகு இன்னொரு ஜோடி. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவன் நான் என்பதால், முதல் தீர்ப்பு நான்தான் சொல்ல வேண்டுமாம்! எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கோ இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. என்ன சொல்வது? அசடு வழிந்துகொண்டு அப்படியும் இப்படியும் பார்த்தேன்.

அப்போதுதான் சாந்தாமணியின் கால் கண்ணில் பட்டது. கீரையில் இருந்த கை நின்றிருந்தது. மெட்டி போட்ட விரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. முதல் ஜோடி பாடியபோதும் அவள் பக்கம் பார்த்திருந்தேன், அப்போது அது அசையவில்லை. புருவத்துக்கு நடுவே ஒரு சுருக்கம்தான் இருந்தது. எனக்குப் பொறி தட்டியது.

இரண்டாவது ஜோடி என்றேன். துவான் அண்ணன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தனக்கும் அப்படித்தான் பட்டதாம், சொல்லத் தயக்கமாக இருந்ததாம்.

அன்றிலிருந்து நான் ‘இந்தியக் காது’! பல் டாக்டர் வைத்த பட்டம். கம்பி சுற்றிக் கொடுத்தவரைக்கும் நான் ஒரு கூலியாள் போலத்தான் இருந்தேன். காது வந்ததும் ஆளாகிவிட்டேன். சைகோனில் எங்கெங்கிருந்தோ ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, எங்கள் மாடிக்கு வந்தார்கள். எனக்கு என்று ஒரு நாற்காலி. நான் கண்ணை மூடுவதுபோல மூடிக்கொண்டு, இமை இடுக்கில் அந்தக் கால்விரலைப் பார்ப்பேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு வருஷக்கணக்கில் ஓடியது.

இதோடு நின்றிருந்தாலாவது... இல்லை, நிற்கவில்லை.

ஒரு ஞாயிறு, டாக்டர் விளையாட்டாகச் சாந்தாமணியின் பக்கம் திரும்பி, உங்களுக்கு எது பிடித்தது என்று கேட்டார். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு, அவர்கள் மொழியிலேயே, "முதலில் மாட்டியது கொஞ்சம் கீச்சென்று..." என்று ஆரம்பித்தாள்.

அவள் முழுதாகச் சொல்லிவிட்டால் என் கதி? அவள் சொல்வதும் நான் சொல்வதும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருந்தால், யாராவது ஒரு நாள் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? சட்டென்று குறுக்கே விழுந்து சொன்னேன்: "அவளைப் போய்க் கேட்கிறீர்களே டாக்டர், எங்கள் வீட்டம்மாவுக்கு மிக்ஸியும் ஒன்றுதான், வயலினும் ஒன்றுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நன்றாக எடுபட்ட ஜோக்கை யார் விடுவார்கள்? புதிதாக யார் வந்தாலும் சொன்னேன். மாரியம்மன் கோயிலில் பார்க்கிற தமிழ்க் குடும்பங்களிடமும் சொன்னேன். அந்தக் கோயிலில் நவராத்திரிக்கு இரண்டு பாட்டுப் பாடுங்களேன் என்று அவளைக் கேட்டபோது, தனக்கு அந்த ஞானமெல்லாம் கிடையாது, வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டினேன், பாவி!

துவான் அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தார். போவதற்குள் தன் கடைசி ஆம்ப்ளிஃபையரை முடித்துவிட வேண்டும் என்று ராப்பகலாக உழைத்தார். இத்தனை வருஷம் யாருக்கும் விற்காமல் வைத்திருந்த இரண்டு ஜோடி வால்வுகள், அதற்காகவே. டிரான்ஸ்ஃபார்மர் நான் சுற்றியது. அதில் மட்டும் எந்தப் பொய்யும் இல்லை, நம்புங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிறுவரை இருக்க முடியாதாம், டிக்கெட் மாறிவிட்டதாம். சாந்தாமணி த்ருவோங் டின் தெருவுக்கு, மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள்.

ஒரு ஜோடி. பிறகு மறு ஜோடி. வாசற்படி காலியாக இருந்தது. துவான் அண்ணன் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். அந்த மனிதர் என் தீர்ப்பு கலையக்கூடாது என்று முகத்தை அசையாமல் வைத்திருந்தார். காபி போடுகிறேன் என்று எழுந்து கொஞ்ச நேரம் ஓட்டினேன். அவள் வரவில்லை. கடைசியில் அசட்டுத் தைரியத்தில், முதல் ஜோடி என்று சொல்லிவிட்டேன்.

அவர் இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"எனக்கு மற்றதுதான் இன்னும் திறந்து பாடியது போல இருந்தது. என் காதுக்கு வயதாகிவிட்டது, தம்பி. சரியான நேரத்தில்தான் நிறுத்துகிறேன்."

இப்போதாவது சொல்லடா, சொல்லடா என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. அவர் முதல் ஜோடியை மாட்டி, மறு ஜோடியைச் செய்தித்தாளில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபையரை என் பக்கம் நகர்த்தினார். அது எனக்குத்தானாம்! காது உள்ள வீட்டில்தான் அது இருக்க வேண்டுமாம்!

படி இறங்கும்போது திரும்பி நின்று ஒன்று கேட்டார். "உன் மனைவி முன்பெல்லாம் சமைக்கும்போது பாடுவாளே, நான் படி ஏறும்போதே கேட்குமே. இப்போது ஏன் பாடுவதில்லை?"

பொள்ளாச்சியில் பெண் பார்க்கப் போனபோது உள்ளே யாரோ கும்மிப்பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் நான் சரி என்றேன். அது அவள்தான். அந்தப் பாட்டு இந்த வீட்டில் எப்போது நின்றது? அந்த மெல்லிய முணுமுணுப்பு எனக்குத்தான் கேட்காதே... நின்றதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்!

அவள் கோயிலிலிருந்து வந்ததும் தட்டைப் போட்டேன். புருவத்துக்கு நடுவே அந்தச் சுருக்கம். கால் அசையவில்லை.

மறுநாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்று துவான் அண்ணன் வீட்டுச் சந்துமுனைவரை வண்டியில் போனேன். அங்கே ஒரு காபி குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். அவர் விமானம் ஏறிய பிறகு, செய்தித்தாளைப் பிரித்து, அவருக்குப் பிடித்த ஜோடியை எடுத்து மாட்டினேன். சாந்தாமணியின் கால்விரல் உடனே ஆட ஆரம்பித்தது. அந்த மனிதரின் காதுக்கு வயதாகவே இல்லை.

தெத் புத்தாண்டுக்கு அவர் போன் பண்ணுகிறார். எப்படிப் பாடுகிறது என்று கேட்கிறார். நன்றாகப் பாடுகிறது அண்ணே என்கிறேன். உன் காதுக்கு நன்றி என்கிறார். கேட்கிற காது உள்ள இரண்டு பேரை, அவர்கள் காது உதவாது என்று நம்பவைத்த செவிடன் நான். அவருக்கு இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அவளிடமாவது சரிசெய்யப் பார்த்தேன். இது எப்படி இருக்கிறது சாந்தா, நீயே சொல் என்று கெஞ்சினேன். அவள் சிரித்தாள்.

"எனக்கென்னங்க தெரியும்? எனக்கு மிக்ஸியும் வயலினும் ஒண்ணுதானுங்களே."

அதில் குத்தல் இல்லை. எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காதுங்க என்று சொல்வது போலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் அதை நம்புகிறாள்.

நான் நன்றிகெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கிடைத்ததற்கு அளவே இல்லை. ஒரு அண்ணன் கிடைத்தார், ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன, என்னைத் தன் ஆளாக வைத்துக்கொண்ட ஒரு ஊர் கிடைத்தது. எல்லாம் வாசற்படியில் கீரை ஆய்ந்தவள் தெரியாமலே கொடுத்தது. தினமும் அவளுக்கு மனசுக்குள் நன்றி சொல்கிறேன். வாய்விட்டுச் சொன்னால், எதற்கு என்று கேட்பாளே...

இதை எழுதும்போதும் அந்தத் தட்டு ஓடுகிறது. வால்வுகள் சிவந்து எரிகின்றன. அவள் அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்று தாளிக்கிறாள். மெட்டி விரல் தரையைத் தட்டுகிறது. தோள் லேசாக அசைகிறது. வாய் எனக்குத் தெரியவில்லை.

எழுந்து போய் எட்டிப் பார்க்கலாம். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாள். தட்டை நிறுத்தலாம், நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். அதனால் உட்கார்ந்தே இருக்கிறேன். நீங்கள் இப்போது என் பக்கத்தில் இருந்தால், அவள் பாடுகிறாளா என்று உங்களைக் கேட்டிருப்பேன்.