சத்தம் வராத வீடுகளில்

கம்ப்யூட்டரில் படம் வரவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுவார்கள்; சத்தம் வரவில்லை என்றால் முதலில் பெட்டியைத் தட்டுவார்கள், பிறகு கடைசியாகத் தொட்டது யார் என்று வீட்டுக்குள் சண்டை போடுவார்கள், எல்லாம் ஓய்ந்த பிறகுதான் எனக்குப் போன் செய்வார்கள்.

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நேற்று வரை பாடிக்கொண்டிருந்தது, இன்று ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. "சவுண்ட் கார்டு டிரைவர் போச்சு" என்று யாரோ சொல்வார்கள். டிரைவர் என்பது சவுண்ட் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேச்சு நடத்துகிற ஒரு சின்ன புரோகிராம். அது கோபித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். நீங்களும் இன்டர்நெட்டிலிருந்து எதையோ இறக்கிப் போட்டிருப்பீர்கள். சத்தம் வந்திருக்காது. கூடவே நாலு விளம்பரம் வந்திருக்கும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். அப்பா வேலை பார்த்த மில்லை மூடியதும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெருக்கித் துடைக்கப் போனேன். அங்கேயே போன் எடுத்தேன், அப்புறம் திருப்புளி பிடித்தேன். பன்னிரண்டு வருடமாகத் தனியாக ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ச் சரி செய்கிறேன். வேலையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் மற்றதில்தான். காஸை மூடினேனா, வண்டியில் சாவியை விட்டேனா, கழற்றிய நாலு ஸ்குரூவையும் திரும்பப் போட்டேனா.

இன்னொரு கவலையும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். சேர்த்துப் படித்தால் என்ன அர்த்தம் என்று தெரியாது. எந்தப் பெட்டி திரையில் எங்கே வரும், அதில் எதை அமுக்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் மனப்பாடம். பெட்டியின் முகத்தை வைத்தே பிழைப்பு ஓடியது. கஸ்டமருக்குத் தெரிந்தால் அடுத்த தடவை கூப்பிடுவார்களா?

பச்சை ஓட்டை

ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு சீசன். எல்லா வீட்டிலும் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் வைத்திருப்பார்கள். துடைப்பதற்காகப் பிடுங்கிய ஒயர்களைத் திரும்பச் சொருகும்போதுதான் வினை. அப்படித்தான் கருவடிக்குப்பத்தில் ஒரு கிளார்க் வீட்டுக்குப் போனேன். சென்னையில் இருக்கும் மச்சான் போனிலேயே சொல்லிக் கொடுக்க, மூன்று நாளாக டிரைவரை எடுப்பதும் போடுவதுமாக இருந்திருக்கிறார் மனிதர். "எட்டு தடவை போட்டுட்டேன் மேடம், கார்டே எரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் எப்போதும் முதலில் மேசைக்கு அடியில்தான் போவேன். பச்சை ஓட்டையில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் ஒயர் பக்கத்தில் ரோஸ் ஓட்டையில் இருந்தது. அது மைக் சொருகுகிற இடம். மாற்றிச் சொருகினேன், பாடியது. கிளார்க், பூஜைக்குத் துடைத்த மனைவியை முறைத்தார். அந்த அம்மா அசரவில்லை.

"எங்க தம்பி சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, இவரு ஒரு தடவ கீழ குனிஞ்சு பாத்திருந்தா முடிஞ்சிருக்கும், தொப்பை விட்டாத்தானே!"

பீரோவில் இருந்த சிடி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒருவர் டவுனில் இருக்கிறார். என்னை மதாம் என்றுதான் கூப்பிடுவார். சத்தம் வரவில்லை என்றதும் பீரோவைத் திறந்து, பென்ஷன் காகிதங்கள் இருந்த பைலுக்குள்ளிருந்து டிரைவர் சிடியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அவருடைய முந்தின கம்ப்யூட்டருக்கு முந்தினதோடு வந்த சிடி. இப்போது இருக்கிற கம்ப்யூட்டரில் சிடி போட இடமே இல்லை.

"இது வேணாங்க, நெட்டுல இருந்தே போட்டுக்கலாம்" என்று இருபது நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன். சத்தம் நன்றாக வந்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. சிடியைத் துடைத்து மறுபடியும் பைலில் வைத்தார். கையில் பிடிக்க முடியாத ஒன்றை எப்படி நம்புகிறது என்பது அவர் கவலை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கான பலனைப் பின்னால் அனுபவித்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். வாசல் வரை வந்து அவர் கேட்டது இது.

"பேப்பர் இல்லாம எதுவும் செல்லாது மதாம், நாளைக்கு இந்தச் சத்தம் யாரு குடுத்ததுன்னு ஒருத்தன் கேட்டா நான் எத எடுத்துக் காட்டறது?"

மேளம் இல்லாத கல்யாணம்

அரியாங்குப்பத்தில் ஒருவர் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறார். போன் எடுத்ததுமே, "மாப்ள தாலி கட்றாரு, மேளம் இல்ல மேடம். எழவு வீடு மாதிரி இருக்கு" என்றார். போய் டிரைவர் போட்டேன். மேளம் கொட்டியது. ஆற்றுப் பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் போன். இப்படி மூன்று நாள்.

மூன்றாம் நாள் அங்கேயே உட்கார்ந்து, அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ராத்திரி அணைக்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே வேறு டிரைவரை இறக்கி, நான் போட்டதன் மேல் ஏற்றிக்கொள்கிறது. அந்த அப்டேட்டை நிறுத்தி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: டிரைவர் போட்டால் இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து, இரண்டு தடவையும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் செருப்பு மாட்டுவேன். மனசு கேட்காமல், என் பையில் எப்போதும் இருக்கும் யுஎஸ்பி சவுண்ட் துண்டையும் அவரிடமே விட்டு வந்தேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே இருக்கிற சவுண்ட் கார்டு செத்தாலும் அதைச் சொருகினால் சத்தம் வரும். அவருக்கு அதிலும் திருப்தி இல்லை.

"நீங்க இருந்தா வருது, பாலம் தாண்டுனா போயிடுது, பேசாம மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, வந்துடுங்க மேடம்."

வெறும் மேசை

அடுத்த வாரம், பதினொன்றரை மணிக்கு லாஸ்பேட்டையிலிருந்து அமுதா என்று ஒரு பெண் பேசினாள். "அக்கா, நேத்து அப்டேட் ஆச்சு. காலைலேர்ந்து சத்தம் இல்ல. மூணு மணிக்கு எனக்கு டெஸ்ட்டு." போனேன். கதவைத் திறந்தவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றை வைத்துத்தான் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் செய்கிறாள். அம்மா வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவள் மட்டும்தான்.

டெஸ்ட் ஒரு கம்பெனிக்கு. கஸ்டமர்களின் புகாருக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுகிற வேலை. கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் முடியாது. இதற்கு முன் இரண்டு இடத்தில் நேரில் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள் சொல்லி அனுப்பவே இல்லையாம். மூன்று மணிக்கு உள்ளே போகாவிட்டால் இதுவும் போச்சு. நான் பழக்க தோஷத்தில், "சத்தத்த விட்டா மத்ததெல்லாம் நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓடுதான்னு நீங்கதான்க்கா சொல்லணும், சத்தம் இல்லன்னா எனக்கு இங்க கம்ப்யூட்டரே இல்ல, வெறும் மேசதான் இருக்கு."

கண்ணாடி டப்பா

மேசைக்கு அடியில் பச்சையில் பச்சை சரியாகத்தான் இருந்தது. திரையில் சவுண்ட் கார்டு பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். டிரைவர்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது. அந்த மாடலுக்கான டிரைவர் என் பென்டிரைவில் இருந்தது. அரை மணி நேர வேலை என்று தைரியமாகப் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். பாதியில் திரையில் ஒரு பெட்டி வந்தது. பன்னிரண்டு வருடத்தில் நான் பார்க்காத பெட்டி. ஒரே ஒரு பட்டன்தான் இருந்தது. அமுக்கினேன். மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதே பெட்டி. மூன்றாவது தடவையும் அதே பெட்டி. மணி ஒன்று.

யுஎஸ்பி துண்டு ஞாபகம் வந்தது. அது அரியாங்குப்பத்தில் இருந்தது. அவர் ஏதோ கல்யாணத்தில் கேமராவோடு நிற்கிறார் போல, போனை எடுக்கவில்லை. புதிதாக வாங்கலாம் என்றால் நம் ஊர் கடைக்காரர்கள் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றுவார்கள்.

"என்னக்கா வருது?"

"ஒண்ணுமில்லம்மா, ஏதோ எரர்."

"ஏதோன்னா? என்ன எழுதியிருக்கு, படிங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். அமுதா என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"வந்ததும் டப்பாலேர்ந்து எடுத்துத் தொடச்சீங்களேக்கா, டப்பா மூடுன சத்தம்கூட கேட்டுச்சே."

பாம்பேயா, டெல்லியா

அதற்கு மேல் மறைக்க வாய் வரவில்லை. "எனக்கு இங்கிலீஷ்ல எழுத்து மட்டும்தாம்மா தெரியும். படிக்கத் தெரியாது" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கஸ்டமரிடம் சொல்கிறேன். பணத்தைக் கொடுத்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எழுத்து போதும். ஒவ்வொண்ணா சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாவது வரி முடிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. "இந்த டிரைவர் இந்த மெஷினுக்குப் பொருந்தாதாம்க்கா. போன வருஷம் இடி இறங்குனப்ப உள்ள போர்டு மாத்துனாங்க." எனக்குப் பொறி தட்டியது. சவுண்ட் கார்டு போர்டோடு சேர்ந்தது; ஸ்டிக்கரோ பழைய போர்டுக்கானது. பீரோ சிடியை நம்பியவரைப் பார்த்துச் சிரித்தவள், வெளியில் ஒட்டியிருந்த காகிதத்தை நம்பி ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்திருந்தேன்.

இதற்கு மேல் என் ராஜ்ஜியம். நாலு ஸ்குரூவைக் கழற்றினேன். டார்ச் அடித்து, தூசியை ஊதி, போர்டில் பொடியாக அச்சடித்திருந்த நம்பரைச் சொல்லச் சொல்ல, அமுதா தன் போனில் தேடினாள். "பி" என்றேன். "பாம்பேயா, டெல்லியா?" என்றாள். "வயித்துல ரெண்டு மடிப்பு இருக்கறதும்மா" என்றேன். "வயிறெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா, ஊரச் சொல்லுங்க" என்றாள். அந்த அவதியிலும் இரண்டு பேரும் சிரித்தோம். சரியான டிரைவர் இருக்கும் முகவரியைக் கண்டுபிடித்து அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள், நான் தட்டினேன். இரண்டேகாலுக்கு டிரைவர் ஏறியது. ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்பீக்கரில் ஒரு குரல் எக்ஸ்பிரஸ் வேகத்தில் கொட்டியது. எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அமுதா இரண்டு கையையும் கீபோர்டின் மேல் வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ அணைக்கணும்மா" என்றேன். "வந்ததப் போயி ஏன்க்கா அணைக்கறீங்க, மணி ரெண்டரை!" என்று கத்தினாள். மேளம் இல்லாத கல்யாணத்தைச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். அப்டேட்டை நிறுத்திவிட்டு அணைத்துப் போட்டேன். அந்த இரண்டு நிமிடமும் அவள் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. குரல் வந்தது. ஸ்குரூவை இரண்டு தடவை எண்ணி மாட்டினேன். மூன்று மணிக்கு அவள் டெஸ்டுக்குள் போனாள். எனக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. நடுவில் சத்தம் நின்றுவிட்டால்? நாலரை வரை அவர்கள் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து, அவர்கள் காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து வந்தவளிடம், நான் சொன்னதை வெளியில் சொல்லிவிடாதே என்று கேட்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியாது, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, இத வெளிய சொன்னா ரெண்டு பேரையும் எவன்க்கா வேலைக்குக் கூப்புடுவான்?"

மேலிடம்

அமுதாவுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் புதிதாக ஒரு பெட்டி வந்தால் அவளுக்குத்தான் போன். நான் எழுத்தைச் சொல்வேன், அவள் அர்த்தத்தைச் சொல்வாள். அவள் கம்ப்யூட்டரில் ஏதாவது மக்கர் செய்தால் நான் போய் நிற்பேன்.

போன மாதம் சொல்தா வீட்டில் மறுபடியும் சத்தம் போயிருந்தது. தெரியாத பெட்டி ஒன்று வந்தது. அவர் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு நொடி பழையபடி கண்ணாடி இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பிறகு அவர் எதிரிலேயே போனைப் போட்டு, எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கேட்டேன். முடித்ததும் நானே சொல்லிவிட்டேன்: "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க. தெரிஞ்சவங்களக் கேட்டுத்தான் செய்யறேன்." இந்த வீட்டு வேலை இன்றோடு சரி என்றுதான் நினைத்தேன். அவர் முகம் அன்றுதான் முதல் தடவையாகத் தெளிந்தது.

"ஒவ்வொரு எழுத்தா மேலிடத்துல கேட்டு, சரின்னு சொன்னப்புறம் போடறீங்க பாருங்க, இதுதான் மதாம் ஒழுங்கு, இனிமே அந்த சிடிகூட வேணாம்."

தனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டர் அதே நொடியில் நடுத்திரையில் பெட்டி போட்டுச் சொல்லிவிடுகிறது, எனக்குத்தான் அதற்குப் பன்னிரண்டு வருடமும் ஒரு கண்ணாடி டப்பாவும் தேவைப்பட்டன.