எந்த ஊர் சாயங்காலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். எட்டாவதோடு நின்றவன் நான். அதோடு, சாமி காரியத்தில் கணக்கு தப்பினவன் என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முருகா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரசவத்துக்காக நாங்கள் கலிபோர்னியா போயிருந்தபோது என் மகளுக்கு மாசம் நிறையாமல் பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அன்றே வேண்டிக்கொண்டேன்: நாற்பத்தெட்டு நாள், சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் சோறு. நாற்பதாம் நாள் விளக்கேற்றியதும் நானும் என் வீட்டுக்காரியும் ஊர் திரும்ப வேண்டியதாகிவிட்டது. டிக்கெட் அப்படி. பேத்தி இன்னும் பெட்டியில்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம் ஏறினோம். ஞாயிறு காலை திருவொற்றியூர் வந்துவிட்டோம். நடுவில் சனிக்கிழமை சாயங்காலம் எப்போது வந்தது, எப்போது போனது, இன்றைக்கும் புரியவில்லை. விமானத்தில் கண்ணை மூடி மனசுக்குள் ஒரு விளக்கு ஏற்றினேன்.

“எண்ணூர் ஃபேக்டரியில மூணு ஷிப்டும் பார்த்த உடம்பு இது, ஒரே நாள்ல பழகிடும்” என்று வீட்டுக்காரியிடம் பெருமை பேசிவிட்டு மதியம் படுத்தேன்.

விழித்தபோது மங்கலான வெளிச்சம். கடிகாரத்தில் ஆறு. அடடா, விளக்கு நேரம்! குளித்து, விளக்கேற்றி, கும்பிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மதியம் வடித்த சோறு லேசாகப் புளித்திருந்தது. வெயில் காலம் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மீன்காரம்மா கூடையோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, காலங்காத்தால சோறு துன்னுகினு கீற?”

“சாயங்காலம்தானேம்மா?”

“நல்லா கீது போ! நான் காசிமேட்டு ஏலத்துக்குப் போய்கினு கீறேன்.”

கவளம் கையிலேயே நின்றது. அப்படியானால் நேற்றைய சாயங்காலம் தூக்கத்திலேயே போய்விட்டதா? என் தப்பு அந்தப் பச்சை மண் தலையில் விழுமோ? எச்சில் கையோடு மகளுக்குப் போன் போட்டேன்.

“ஏம்பா அழற? பாப்பா அப்படியேதான் இருக்கா. இங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம். இப்பத்தான் நானும் விளக்கு வச்சேன்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இங்கே திங்கள் விடிகிறது, அங்கே ஞாயிறு சாய்கிறது. நான் ஏற்றியது எந்த நாள் விளக்கு?

“பகல்ல தூங்காதீங்க, வெயில்ல நடங்க, உடம்பு திரும்பிடும்” என்றாள் வீட்டுக்காரி. நான் திருப்பவில்லை. குழந்தைக்காக வேண்டியது, குழந்தையின் சாயங்காலம்தான் செல்லும் என்று பட்டது. தினமும் விடியலில் விளக்கேற்றிச் சாப்பிட்டேன், பகலில் தூங்கினேன். தெருவே சிரித்தது. விமானத்தில் ஏற்றியது சேருமோ சேராதோ என்று கடைசியில் ஒரு நாள் கூடுதலாகவும் ஏற்றினேன்.

அந்த நாட்களில்தான் பேத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். மகள் தேதி சொன்னாள். அது இந்த ஊர் தேதியா, அந்த ஊர் தேதியா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சரியாக நாற்பத்தெட்டாம் நாள் எடுத்தார்கள் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். எனக்கே தெரியாது. அந்தப் புளித்த சோறும் அதில் இருக்கட்டும்.