அப்பாவின் எண்ணெய்த் தலை

குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் அமர்க்களம் என்று மதுரைக்கு வந்திருந்த தென்காசிக்காரர் ஒருவர் சொன்னார். "உங்க அப்பா எழுவது வயசுலயும் தெனம் அருவிக்குப் போயிட்டு வருதாரு. குடுத்து வச்ச மனுசன்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா போனபின் அப்பா தென்காசியில் தனியாகத்தான் இருக்கிறார். பாத்திரக் கடையை விற்றாயிற்று. நான் ஒரே மகள். மதுரைக்கு வாருங்கள் என்றால், "வைகையில தண்ணி கெடக்கா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவார். இனியும் அவரைத் தனியாக விடலாமா என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. அது தீர்ந்தது என்ற நிம்மதியில், ஆடி பிறந்ததும் நாலு நாள் குளித்துவிட்டு வரக் கிளம்பினேன்.

மதுரையில் காலை வண்டி ஏறினால் விருதுநகர் வழியாக மத்தியானம் தென்காசி. ஜன்னலோரம் உட்காராதே, கரித்தூள் கண்ணில் விழும் என்பார்கள். கேட்காதீர்கள். ராஜபாளையம் தாண்டினால் மலை கூடவே வருகிறது. அதற்காகக் கொஞ்சம் கண்ணைக் கசக்கலாம்.

ஸ்டேஷனில் அப்பா நின்றார். தலையில் நல்லெண்ணெய் வழிய, தோளில் துண்டோடு. "வீட்டுக்கு அப்புறம் போவலாம். நேர அருவிக்கு வா" என்றார். மதுரையில் எங்கள் தெருவில் இப்படி ஒருவர் நடந்தால் வாசலுக்கு வாசல் தலை எட்டிப் பார்க்கும். தென்காசியில் சீசன் நாளில் இரண்டு பேரில் ஒருவர் எண்ணெய்த் தலை. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த ஊர் எனக்குப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

ஜட்கா, அப்பாவின் வாடிக்கை வண்டிக்காரர் மாடசாமியுடையது. போய், காத்திருந்து, திரும்ப அரை ரூபாய். மூன்று மைல் தூரம். இரண்டாகப் பிளந்து நிற்கும் பெரிய கோயில் கோபுரத்து வாசலைக் கடந்தபோது, எப்போதும் போலக் காற்று வந்து முந்தானையை இழுத்தது. பிறகு சாரல். வெயில் அடிக்கும்போதே பூவாய்த் தூவுகிறது. குடை பிடித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

பேரருவியைப் பற்றி என்ன எழுத? பெண்கள் பக்கம் போய் நின்றேன். முதுகில் நூறு பேர் மொத்தினாற்போல இருந்தது. சிறுமி மாதிரி கத்தினேன். பக்கத்தில் ஓர் அம்மாளும் கத்தினாள். யார் என்றே தெரியாமல் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வெளியே வந்தால் அப்பா பாறையோரம் நிற்கிறார். "குளிச்சாச்சாப்பா?" "அப்பமே ஆச்சு." வேட்டி நனையவே இல்லை. நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. கேலி செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் மங்குஸ்தான் கூடைக்காரியிடம் பேரம் பேசப் போனார். அதில் ஒரு பிசகும் இல்லை, பாதி விலைக்கு இறக்கிவிட்டார். அந்த நேரத்தில், அப்பா குளித்தாரா என்று மாடசாமியிடம் கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன் தாயி. அண்ணாச்சி தெனம் வருதாரு, நெசந்தான். அருவியப் பாத்துக்கிட்டே நிப்பாரு. குளிச்சாச்சுன்னு வண்டியில ஏறிருவாரு. வீட்டுக்குப் போனா, குளிக்கப் போவணுமின்னு மறுபடியும் எண்ணெய் தேய்க்காரு."

"ஊர்ல ஒருத்தருக்குமா தெரியல?"

"சீசன்ல எண்ணெய்த் தலைய யாரு தாயி பாப்பாக?"

ஊரே அவரை அருவிக்குப் போகிறவர் என்று மெச்சிக்கொண்டிருந்தது. நானும்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தலையணை எண்ணெயில் கறுத்திருந்தது. அடிப்பிடித்த வெண்கலப் பானைகள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. பானை விற்றே என்னை வளர்த்த மனிதர். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். "என்னோட மதுரைக்கு வாங்கப்பா" என்றேன். "நாளைக்கு ஐந்தருவிக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஐந்தருவி, பேரருவியிலிருந்து இன்னும் மூன்று மைல். கூட்டம் கம்மி, குரங்கு அதிகம். பழத்தை மடியில் மறைத்துக்கொள்ளுங்கள். அன்று அப்பாவை நான் விடவில்லை. அவரானால் என் கையைப் பிடித்து, "அந்தப் பக்கம் பாசி. இங்கன நில்லு" என்று நிறுத்தினார். பாறைகளின் வழுக்கல் ஒன்றுகூட மறக்கவில்லை. இருவரும் ஓரமாக நனைந்தோம். அடேயப்பா, அந்த வயதில் என்ன உறுதியான கால்!

கரையேறி நாலடி வைத்தவர் நின்றார். என் முன்னால் தலையைக் குனிந்தார்.

"ஏட்டி, தொட்டுப் பாரு. குளிச்சிட்டனா இல்லையான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."

மாடசாமி சட்டென்று திரும்பிக் குதிரையின் கடிவாளத்தைச் சரி பார்த்தார். நான் தொட்டேன். தண்ணீர் சொட்டியது. "குளிச்சாச்சுப்பா" என்றேன்.

"இதக் கேக்கதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும்ட்டி. அருவிய விட்டு மட்டும் கூட்டிட்டுப் போயிராத."

கடைத்தெருவில் யாருக்கும் ஒருநாளும் தலை குனியாதவர் அவர். அன்று அவர் கேட்டதைவிடத் துணிச்சலான பேச்சை நான் கேட்டதில்லை. மதுரைப் பேச்சை அங்கேயே விட்டேன். சுரண்டையிலிருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி சுப்பையா சித்தப்பாவும் சித்தியும் இப்போது அந்த வீட்டில் இருக்கிறார்கள். சமையல் சித்தி. அருவிக்குச் சித்தப்பா கூடப் போகிறார். "வாடகைக்குக் குடி வச்சிருக்கேன்" என்று அப்பா ஊரில் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும்.

போகிறவர்களுக்கு: ஆனி, ஆடி நல்ல மாதங்கள். துண்டு இரண்டு வேண்டும். பேரருவியில் தண்ணீர் சிவந்தால் மலையில் வெள்ளம் என்று அர்த்தம், உடனே வெளியே வந்துவிடுங்கள். பெற்றவர்கள் அந்தப் பக்கம் தனியாக இருந்தால், சௌக்கியமா என்று ஊராரைக் கேட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஊர் நல்லதைத்தான் சொல்லும். நேரே போய்த் தலையைத் தொட்டுப் பாருங்கள்.