மகளுக்கு நான் பிடித்த வேது

பலாபத்வலயில் கல்லுக்காட்டைத் திருத்தி வாசனைத் திரவியத் தோட்டம் போட்டவன், கலவரத்தில் எரிந்த கடையை மறுபடி எழுப்பியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு.

மகளுக்குக் கால் மரத்துக் கண் மங்கியபோது, கண்டி டொக்டர் அதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று சொல்லி, ஊசி போட நாள் குறித்தார்.

"ஊசி வேணாம்மா, அப்பா வேது பிடிக்கிறேன்" என்று மறித்தேன்.

தோட்டத்துக் கறுவா இலையைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் ஒரு வாரம் தினமும் உட்கார வைத்தேன்.

"சூடு பட்டா கண்ணு இன்னும் இருட்டுதுப்பா" என்றாள். நோய் வெளியேறுகிறது என்றேன். எட்டாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில், "நான்தான் ஊசிக்கு வரல" என்று என்னைக் காப்பாற்றினாள். ஊசிக்குப் பின் பார்வை திரும்பியது. நடை முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது ஒரு கிளினிக் நாளையும் தவறவிடுவதில்லை. ஆனால் அவளுடைய கிளினிக் கொப்பியில், அந்த முதல் ஊசி நாளுக்கு நேரே "நோயாளி வரவில்லை" என்றே இருக்கிறது. போன தடவை டொக்டரிடம் சொன்னேன்: "அத வெட்டிட்டு, அப்பா வர விடலன்னு என் பேரப் போட்டு எழுதுங்க."