உப்புக்குப் பயப்படாத நுளம்பு

குருநகரில் சந்தியோகுவோடு உப்பைப் பற்றி வாதாடி வென்றவர் எவரும் இல்லை. பல்வலியா, உப்பு. சேற்றுப்புண்ணா, உப்பு. கண்ணூறா, உப்பைச் சுற்றி அடுப்பில் போடு. ஆகவே சுகாதாரப் பரிசோதகர் ஜெயதீபன் வந்து, "அண்ணை, உங்கடை வள்ளத்துக்குள்ளை நுளம்புக் குடம்பி நெளியுது" என்றபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, அது கடல் தண்ணி. நான்தான் வாளியாலை அள்ளி ஊத்தினனான். உப்பிலை நுளம்பு பிழைக்குமோ?"

வாடைக் காலத்தில் கரையேற்றிய மரவள்ளம் காய்ந்தால் பலகை சுருங்கி, பொருத்துகள் வாய் பிளந்துவிடும். உள்ளே கடல் தண்ணீர் விட்டு வைப்பது அவருடைய அப்பன் காலத்து வழக்கம். கரை முழுக்க பைபர் படகுகள் வந்த பிறகும் சந்தியோகு மரத்தை விடவில்லை. தை பிறந்ததும் அதைக் கடலில் இறக்க வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் அவர் மழைக்காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒழுங்கையிலை எத்தினை பேருக்கு டெங்கு! தண்ணியை இறைச்சுக் கவிட்டு வையுங்கோ. இல்லாட்டி வழக்குப் போட்டுக் கோட்டிலைதான் சந்திக்க வேணும்."

"கவிட்டு வைச்சால் அது வள்ளமில்லை, விறகு."

"மழை விழுந்து உங்கடை கடல் இப்ப அரை உப்பு, அண்ணை. டெங்கு நுளம்பு அதுக்குப் பழகிட்டுது."

"கண்ணாலை கண்டால் நம்புறன்."

ஜெயதீபனும் விடவில்லை. வள்ளத்துத் தண்ணீரைக் குடம்பிகளோடு ஒரு ஜாம் போத்தலில் மொண்டு கொடுத்தார். பந்தயம் இதுதான்: குடம்பிகள் செத்தால் சந்தியோகு வென்றார். பறந்தால் வள்ளம் கவிழும். சந்தியோகு போத்தலின் வாயை வலைத்துண்டால் கட்டினார்.

"இஞ்சேருங்கோ" என்றாள் மனைவி றெஜினா. "உந்த வலைக்கண்ணுக்குள்ளாலை நுளம்பென்ன, சூடை மீனே போகும்." பூசைக்குப் போட்ட பழைய முக்காட்டில் ஒரு துண்டைக் கிழித்துத் தானே கட்டினாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் போத்தலுக்குள் ரீங்காரம் கேட்டது. காலில் வெள்ளை வளையம் போட்ட நுளம்புகள் முக்காட்டுத் துணியில் வரிசையாகத் தொங்கின. சந்தியோகு கண்ணாடியில் விரலை வைத்தார். அத்தனையும் விரலை நோக்கிப் பறந்தன.

"உப்பிட்ட என்னையே கடிக்க வருகுதுகள், நன்றிகெட்டதுகள்!"

"இப்பவாவது நம்புறியளோ?" என்று போத்தலைப் பார்க்க வந்த ஜெயதீபன் கேட்டார்.

"ஓம்" என்றார். அவர் வாழ்நாளில் உப்பைப் பற்றிப் பின்வாங்கிச் சொன்ன ஒரே சொல் அது.

பின்வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு, ஜெயதீபனையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முனையில் இருந்த ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனார். அதன் வளவில் துருப்பிடித்த ஜீப் ஒன்று வருசக்கணக்காகக் கிடந்தது. கூரையில்லாத அதன் வயிற்றில் மழைத்தண்ணீர் தளும்பியது. குனிந்து பார்த்தால் அதே நெளிச்சல்.

"எனக்குக் கோட்டு வழக்கு, ஜீப்புக்குக் கும்பிடோ?"

ஜெயதீபன் கந்தோர் வாசலைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். அந்த வாசலைத் தாண்டித்தான் அவர் இவ்வளவு நாளும் ஏழைகளின் பூச்சாடிகளைக் கிளறப் போனவர். நுளம்பு ஆளின் தரம் பார்த்துக் கடிப்பதில்லை, சட்டம்தான் பார்க்கும். அன்று பார்க்கவில்லை. சிவப்பு நோட்டீஸ் ஜீப்பின் கண்ணாடியில் ஏறியது.

"சரி. அப்ப என்ரை வள்ளம்?"

ஜெயதீபன் தலையைச் சொறிந்தார். நுளம்பு வேண்டாம், ஆனால் தண்ணீர் வேண்டும். மறுநாள் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். கிணறுகளில் விடுகிற கப்பி மீன்கள். "குடம்பிதான் உதுகளுக்குச் சாப்பாடு. அரை உப்பும் தாங்கும். ஆனால் நான் வாற நேரமெல்லாம் எட்டிப் பார்ப்பன்."

செய்தி கரை முழுக்கப் பரவியது. போகிறவன் வருகிறவன் எல்லாம், "சந்தியோகண்ணை, கடலுக்குப் போகேல்லையோ?" என்று கேட்பான்.

"ஏன் போறான்? மீன் வள்ளத்துக்குள்ளையே ஓடுது!" என்று கூட வந்தவன் பதில் சொல்வான்.

தை வந்தது. பலகை ஒன்றும் பிளக்கவில்லை. வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன், சந்தியோகு மண்டியிட்டுக் கப்பிகளைக் கரண்டியால் வாளிக்குள் எடுத்தார். அவற்றைப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் விட வேண்டும்.

றெஜினா வாளியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "இத்தினை வருசத்திலை இப்பதான் உந்த வள்ளத்திலை இருந்து மீனை உசிரோடை இறக்கிறியள்!"