மருந்து போடாத மூன்று நாள்

பால்வண்ணநாதன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஊரில் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு பேரூராட்சியில் பதினெட்டு வருடமாக அவர் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர். தினமும் லட்சம் லிட்டர் தண்ணீருக்கு நானூறு கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறப்பார்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது மலையிலிருந்து ஆற்றில் இறங்கி வரும் மூலிகைத் தண்ணீர். அதில் மருந்து வாடை வருவது குலப்பெருமைக்கு இழுக்கு. அதே மூலிகைகளுக்கு நடுவில்தான் மலைக்குரங்கும் காட்டுப்பன்றியும் காலைக்கடன் கழிக்கின்றன என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் வித்யாலட்சுமி ஒருமுறை விளக்கினார். டாக்டருக்கு ஊர்ப்பற்று இல்லை என்று முடிவாயிற்று.

பால்வண்ணநாதனுக்கு ஒரு கொள்கை உண்டு: தான் எதைக் குடிக்கிறோம் என்பது குடிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் கேட்டாலும் கிராம் கணக்கோடு சொல்லிவிடுவார். கேட்டவருக்கு உடனே வாடை அடிக்கும்.

ஆடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. பாயசத்தில் வாடை வரக் கூடாது, மூன்று நாளும் மருந்து வேண்டாம் என்றார் வார்டு கவுன்சிலர் ஆதித்தன். சாரலில் ஆறு கலங்கி ஓடிய நேரம். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து ஊர் இரண்டு மடங்காகியிருந்தது. பால்வண்ணநாதன் வாதாடிப் பார்த்தார். பலிக்காமல், சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்று நாளும் வழக்கமான நானூறு கிராமைப் போட்டார். அவர் ஊரிடம் சொன்ன முதல் பொய் அது.

ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. தண்ணீர் இளநீர் மாதிரி இருந்ததாக ஊரே சொன்னது. அவர் மனைவி சொக்கம்மாளும், இத்தனை வருசம் இந்த ருசியைக் கெடுத்திட்டியளே என்று குறைப்பட்டுக்கொண்டே கூட ஒரு செம்பு குடித்தாள்.

மறுவாரம் வார்டுக் கூட்டம் போட்டார்கள். மூன்று நாள் மருந்தில்லாமல் குடித்தும் யாருக்கும் சீக்கு வரவில்லை, ஆகவே இனி மருந்தே தேவையில்லை என்று தீர்மானம் வந்தது. தர்க்கத்தில் பிழையில்லை. ஆதாரத்தில்தான் பிழை; அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் அவர் பொய்யர். மூடிக்கொண்டால் அவருடைய பொய்யே ஊரின் விஞ்ஞானம்.

அவர் எழுந்து நின்றார். “மூணு நாளும் போட்டேன். எப்பவும் போடுத அளவுதான்.”

கூட்டம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தது. காப்பிக்கடை கணேசமூர்த்தி பரிவோடுதான் பேசினார்: “அண்ணாச்சி, வேலை போயிரும்னு இப்படிச் சொல்லுதிய. போட்டிருந்தா எங்க நாக்குக்குத் தெரியாதா?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சாயங்காலம் ஆதித்தன் தொட்டியடிக்கே வந்தார். ஊரில் அவரை நம்பிய ஒரே ஆள் ஆதித்தன்தான். அவரும் சில பொய்களை நல்லெண்ணத்தோடு சொல்லிப் பழகியவர்.

“நீங்க போட்டிருப்பியன்னு தெரியும் அண்ணாச்சி. இனியும் போடுங்க. தீர்மானம் அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“அப்ப ஜனங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க.”

“சொன்னா வாடை அடிக்குமே.”

“நாளைக்கு யாருக்காச்சும் வயித்தால போனா?”

“மருந்து போடாம விட்டது நீங்க.”

“போடுதது வெளிய தெரிஞ்சா?”

“தீர்மானத்த மீறினதும் நீங்கதான்.” பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரிச் சொல்லிவிட்டு ஆதித்தன் பைக்கை எடுத்தார்.

அன்று பால்வண்ணநாதன் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இரண்டு வரி எழுதியதும் ஒரு கவலை வந்தது: அடுத்து வருகிறவன் தீர்மானத்தை அப்படியே கடைப்பிடிக்கும் யோக்கியனாக இருந்துவிட்டால்? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மோட்டார் அறைக்குள் போனவர், இத்தனை வருடம் திறந்தே கிடந்த கதவைத் தாழிட்டுக்கொண்டு பவுடரைக் கரைக்க ஆரம்பித்தார்.